‘குற்றமும் தண்டனையும்’: ஒரு புதினமும் அதன் முதல் வாசகர்களும்

பழைய ரஷ்ய நாட்காட்டியின்படி 1866ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் மாஸ்கோ நகரில் இரட்டைக் கொலை ஒன்று நடந்தது. அடகு பிடித்து வட்டிக்குக் கடன் கொடுத்துவந்த ஒருவரும் அவருடைய வீட்டுப் பணிப்பெண்ணும் கொல்லப்பட்டனர். கொன்றவன் தானிலோவ் என்னும் மாணவன். அச்செய்தி பற்றிய பேச்சு அடங்குவதற்குள், ‘ருஸ்கி வேஸ்த்னிக்’ என்னும் மாத இதழின் ஜனவரி வெளியீடு வாசகர் கைக்கு வந்து சேர்ந்தது. ஃபியோதர் தஸ்தயேவ்ஸ்கியின் புதிய தொடர்கதை ஒன்று அவ்விதழில் தொடங்கியிருந்தது. பணமின்றிப் பல்கலைக்கழகப் படிப்பை நிறுத்திவிட்ட ஓர் இளைஞன், அடகு பிடிக்கும் கிழவி ஒருத்தியையும், எதிர்பாராமல் அங்கு வந்துவிட்ட அவளுடைய தங்கையையும் கோடரியால் கொல்வதை அது விவரித்தது. தஸ்தயேவ்ஸ்கி அப்பகுதியை எழுதியது மாஸ்கோக் கொலைக்கு முன்பாகும்.

‘குற்றமும் தண்டனையும்’ என்னும் அப்புதினத்தை உலகின் முதல் பெரும் உளவியல் மர்மப் புதினம் என்று பலரும் கூறுவர். அது முதலாவதா இரண்டாவதா என்னும் வழக்கிற்குள் நாம் புகவில்லை. அந்நூலைப் படித்தவர்கள் அதைப் பற்றி என்ன கருதினார்கள், எவருடைய கருத்து காலத்தைக் கடந்து நின்றது, எவருடையது உதிர்ந்தது என்பனவே இங்கு நாம் நோக்க விரும்புபவை. ஒரு நூலைப் பற்றி வாசகர் தம் கருத்தை எழுதுவது இன்று நம் வகுப்பறைகளில் வாரந்தோறும் நடைபெறும் பயிற்சி. ‘விறுவிறுப்பாக இருந்தது’, ‘முடிவு பிடிக்கவில்லை’ என்று இரண்டு வரிகளில் அது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. 1866இல் ரஷ்யாவில் ஒருவர் அந்த இரண்டு வரிகளைச் சொல்வதற்கே தாம் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை வெளிப்படுத்த வேண்டியிருந்தது.

முதலில் நூல் பிறந்த வகையைச் சுருக்கமாகக் காண்போம். 1865ஆம் ஆண்டு ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் தஸ்தயேவ்ஸ்கி தம் கைப்பொருள் அனைத்தையும் சூதாட்டத்தில் இழந்தார். தங்கியிருந்த விடுதியில் அவருக்கு உணவு கொடுக்க மறுத்துவிட்டனர். அந்த நிலையில், ‘ருஸ்கி வேஸ்த்னிக்’ ஆசிரியர் கத்கோவுக்கு அவர் மடல் எழுதி 300 ரூபிள் முன்பணம் கேட்டார். தாம் எழுதவிருப்பது ஒரு குற்றத்தின் உளவியல் வரலாறு என்று அம்மடலில் அவரே குறிப்பிட்டுள்ளார். ஆகவே ‘உளவியல்’ என்னும் அடைமொழியை இந்நூலுக்குப் பிற்காலத் திறனாய்வாளர் சூட்டியதாக எண்ண வேண்டியதில்லை. அது நூலாசிரியரே இட்ட பெயர்.

கொலைகாரனே தன் கதையைச் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலமாகத்தான் அவர் தொடக்கத்தில் இதை எழுதினார். அவ்வாண்டு நவம்பர் இறுதியில் எழுதியவற்றையெல்லாம் தீயிலிட்டுவிட்டு மீண்டும் தொடங்கினார். புதிய வடிவத்தில் கதை சொல்பவர் படர்க்கையில் பேசுகிறார். ஆனால் பெரும்பாலும் நாயகனை விட்டு அகலுவதில்லை. இந்த மாற்றத்தை நாம் கவனத்தில் கொள்ளுதல் வேண்டும். வாக்குமூலம் ஒன்றைப் படிக்கும்போது வாசகர் நீதிபதியின் இருக்கையில் அமர்ந்துவிடுகிறார். எதிரில் நின்று பேசுபவனின் சொல்லை நம்பலாமா என்று எடைபோடத் தொடங்குகிறார். தஸ்தயேவ்ஸ்கி அந்த இருக்கையை அகற்றிவிட்டார்.

அதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கொலை நடக்கும் இடம் நான்காம் மாடியில் உள்ள கிழவியின் வீடு. ரஸ்கோல்நிகோவ் தான் குடியிருக்கும் கட்டடத்தின் வாயிலிலிருந்து அவ்வீட்டிற்கு எத்தனை அடி தூரம் என்று முன்னரே எண்ணி வைத்திருக்கிறான்: சரியாக 730 அடிகள். கோடரியை மறைத்துக் கொண்டுசெல்ல மேலங்கியின் உட்புறத்தில் துணியால் ஒரு வளையம் தைத்துக்கொள்கிறான். இத்துணை திட்டமிட்டவன், கொன்று முடித்தபின் பார்க்கும்போது, வெளிக்கதவு அத்தனை நேரமும் திறந்தே கிடந்திருக்கிறது. அவன் கதவைத் தாழிடுகிறான். படிக்கட்டில் காலடி ஓசை ஏறி வருகிறது. கிழவியைத் தேடி வந்த ஒருவர் மணியை இழுத்து அடிக்கிறார். இன்னொருவரும் வந்து சேர்கிறார். கதவு வெளியே பூட்டப்படவில்லை, உள்ளே கொக்கி மாட்டப்பட்டிருக்கிறது, ஆகவே உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று அந்த இரண்டாமவர் கண்டுகொள்கிறார். கதவின் இப்பக்கம் கோடரியோடு ரஸ்கோல்நிகோவ் நிற்கிறான். அவனோடு நாமும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறோம்.

அவ்விடத்தில் வாசகர் உள்ளம் வேண்டுவது என்ன? வெளியே நிற்பவர்கள் போய்விட வேண்டும் என்பதே. இரண்டு பெண்களின் உடல்கள் உள்ளே கிடக்கின்றன. ஒருத்தி யாருக்கும் தீங்கு நினையாதவள். அவர்களைக் கண் முன்னே கொன்றவன் தப்பிவிட்டான் என்று அறியும்போது நாம் பெருமூச்சு விடுகிறோம். பின்னர்தான் ‘நாம் ஏன் அப்படி விரும்பினோம்?’ என்னும் வினா எழுகிறது. இவ்வினாவை எழுப்பாத மர்மக் கதைகள் ஆயிரம் உள்ளன. அவற்றில் நம்மைக் காத்துக்கொள்வது எளிது. கொலைகாரன் யார் என்பது அங்குக் கடைசி அதிகாரம் வரை மறைபொருளாக இருப்பதால், நாம் துப்பறிபவரின் பக்கத்திலேயே பாதுகாப்பாக நின்றுகொள்கிறோம். இப்புதினத்தில் ஆறு பாகங்களும் ஒரு பின்னுரையும் உள்ளன. கொலை முதற்பாகத்திலேயே முடிந்துவிடுகிறது. யார் என்பதும் எப்படி என்பதும் நமக்குத் தெரியும். எஞ்சிய ஐந்து பாகங்களை நம்மைப் படிக்க வைப்பது ‘ஏன்’ என்னும் ஒரே சொல்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சத்திற்குரிய நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கினைக் கூறுவதை நம் மாணவர்கள் அறிவர். கள்வரைக் கண்டு அஞ்சுவது இயல்பு. கள்வனோடு சேர்ந்து, கள்வனுக்காக அஞ்சுவதை என்னவென்பது? இலக்கணத்தின்மேல் பழி சொல்லும் நோக்கம் நமக்கில்லை. இப்புதினம் வாசகரின் உடலில் எழுப்பும் மெய்ப்பாடு எத்துணை விந்தையானது என்பதைச் சுட்டவே இதைக் கூறினோம்.

இந்த உத்தி தஸ்தயேவ்ஸ்கிக்கு வானத்திலிருந்து விழவில்லை. 1861இல் தம் ‘விரேம்யா’ இதழில் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் மூன்று சிறுகதைகளைத் தம் முன்னுரையோடு அவர் வெளியிட்டார். கொன்றவனே பேசும் இரண்டு கதைகள் அவற்றுள் இருந்தன. அதே ஆண்டில் லாசனேர் என்னும் பிரெஞ்சுக் கொலைகாரனின் வழக்கு விவரமும் அவ்விதழில் இடம்பெற்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, 1850 முதல் 1854 வரை ஓம்ஸ்க் சிறையில் கொலைகாரர்களோடு ஒரே கூடத்தில் அவர் உறங்கியிருக்கிறார்.

இனி முதல் வாசகர்களிடம் வருவோம். அவ்வாண்டின் வாசக அனுபவத்தைப் பின்னாளில் நினைவுகூர்ந்த ஸ்த்ராகோவ் என்னும் திறனாய்வாளர், படிப்பில் நாட்டமுடையோர் அனைவரும் இந்நூலைப் பற்றியே பேசினர் என்கிறார். நூலின் அழுத்தம் தாங்காமல், உறுதியான நரம்புடையவர்களும் நோயுறும் நிலைக்கு வந்தார்கள் என்றும், மெல்லிய நரம்புடையவர்கள் படிப்பதையே நிறுத்திவிட்டார்கள் என்றும் அவர் எழுதியுள்ளார். இஃது ஒரு பாராட்டா குறையா என்று அக்கால மக்களுக்கே தெளிவில்லை. ஆனால் நடந்ததை நடந்தவாறு சொல்லும் சான்று என்ற வகையில் இதன் மதிப்புப் பெரிது.

இதற்கு நேர்மாறான கருத்தொன்று நூல் வெளிவரத் தொடங்கிய சில வாரங்களிலேயே அச்சேறியது. சீர்திருத்தவாதிகளின் இதழாகிய ‘சவ்ரெமென்னிக்’கில் எலிசேயெவ் என்பவர் முதற்பாகத்தைப் படித்துவிட்டுக் கடுங்கண்டனம் எழுதினார். மாணவர் சமுதாயம் முழுவதன்மீதும் தஸ்தயேவ்ஸ்கி கொலைப்பழி சுமத்துகிறார் என்பது அவருடைய குற்றச்சாட்டு. கொள்ளைக்காக மாணவன் ஒருவன் கொலை செய்தது எங்கேனும் நடந்ததுண்டா என்று அவர் வினவினார். மாஸ்கோச் செய்தியை நினைத்துக்கொண்டு இவ்வினாவைப் படிப்பவர்களுக்குச் சிரிப்பதா வருந்துவதா என்று தோன்றும். எனினும் அவருக்கு ஒரு பிடிமானம் இருந்தது. முதற்பாகத்தில் மதுக்கடை ஒன்றில் ஒரு மாணவனும் ஓர் அதிகாரியும் உரையாடுகின்றனர். பயனற்ற அக்கிழவியைக் கொன்று அவள் பணத்தைக் கொண்டு ஆயிரம் பேருக்கு நன்மை செய்தால் அது தவறாகுமா என்று அந்த மாணவன் கேட்கிறான். அத்தகைய பேச்சு மாணவரிடையே இயல்பாக நடமாடியது என்று புதினம் சொல்வது உண்மைதான். அங்கிருந்து ‘எல்லா மாணவரும் கொலைகாரர்’ என்னும் முடிவுக்குத் தாவியது எலிசேயெவின் அவசரம். ஆறு பாகங்களில் ஒன்றை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்புரைத்தார் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். கதைச்சுருக்கத்தை வைத்துக்கொண்டு கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு அவர் முன்னோடி என்று சொன்னால் மிகையாகாது.

ஆயினும் அவருடைய அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவ்வாண்டு ஏப்ரல் 4ஆம் நாள் கரகோஸோவ் என்னும் முன்னாள் மாணவன் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரை நோக்கிச் சுட்டான், குறி தவறியது. அரசின் அடக்குமுறை வலுத்தது. சில மாதங்களுக்குள் ‘சவ்ரெமென்னிக்’ இதழே மூடப்பட்டது. அத்தகைய காலத்தில், படித்த இளைஞன் ஒருவன் புதிய கருத்துகளால் தூண்டப்பட்டுக் கொலை செய்கிறான் என்னும் கதை, அதுவும் அரசுக்கு இணக்கமான கத்கோவின் இதழில் வரும்போது, காவல்துறைக்குக் கொடுத்த புகார் மனுவைப் போலச் சிலருக்குத் தெரிந்திருக்கும். கருத்துரைப்பவர் எந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு படிக்கிறார் என்பதை அறியாமல் அவருடைய கருத்தை எள்ளி நகையாடுதல் வரலாற்று மாணவர்க்கு அழகன்று.

முதல் வாசகர்களுள் நாம் நெடுநேரம் நின்று பார்க்க வேண்டியவர் தீமித்ரி பீசரெவ். 1862இல் சிறைப்பட்ட அவர், நான்கு ஆண்டுகளுக்கு மேலாகப் பீட்டர்ஸ்பர்க் கோட்டைச் சிறையில் இருந்துவிட்டு, 1866 நவம்பரில் வெளிவந்தார். மறு ஆண்டு இப்புதினத்தைப் பற்றி எழுதத் தொடங்கிய நீண்ட கட்டுரைக்கு ‘வாழ்வுக்கான போராட்டம்’ என்று பெயர். நூலாசிரியரின் கொள்கை யாது, அவர் எந்த அணியைச் சேர்ந்தவர் என்பன தமக்குப் பொருட்டல்ல என்றும், நூலில் காட்டப்பட்டுள்ள நிகழ்வுகள் உண்மையாக உள்ளனவா என்பதை மட்டுமே பார்ப்பதாகவும் அவர் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறார். எலிசேயெவுக்கு வாய்க்காத நடுநிலை இது. அதன் பின்னர்த் தம் முடிவைக் கூறுகிறார்: ரஸ்கோல்நிகோவின் நோய்க்கு வேர் அவன் மூளையில் இல்லை, அவன் சட்டைப்பையில் உள்ளது. மனிதர்களைச் சாதாரணர், அசாதாரணர் எனப் பகுத்து, அசாதாரணருக்குச் சட்டத்தை மீறும் உரிமை உண்டென்று ரஸ்கோல்நிகோவ் எழுதிய கட்டுரையெல்லாம் பசியும் வறுமையும் பெற்ற பிள்ளை என்பது பீசரெவின் கருத்து.

இக்கருத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. புதினம் முழுவதும் காசுக் கணக்கு விரவிக் கிடக்கிறது. தன் தந்தையின் வெள்ளிக் கடிகாரத்தை ரஸ்கோல்நிகோவ் அடகு வைக்கும் இடத்தைப் பாருங்கள். கிழவி ஒன்றரை ரூபிள் என்று விலை சொல்கிறாள். ரூபிளுக்கு மாதம் பத்துக் கோபெக் வட்டி. ஒன்றரை ரூபிளுக்குப் பதினைந்து கோபெக்கை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறாள். முன்பு வாங்கிய இரண்டு ரூபிளுக்கு இருபது கோபெக்கையும் கழிக்கிறாள். அவன் கையில் விழுவது ஒரு ரூபிள் பதினைந்து கோபெக். நூறு கோபெக் ஒரு ரூபிள். கணக்காசிரியர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம், தஸ்தயேவ்ஸ்கி பிழை விடவில்லை. வட்டிக்காரர் வாசலில் நின்று அறியாதவர் இந்தக் கணக்கை இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்க மாட்டார். பீசரெவ் சுட்டும் வறுமை இந்நூலின் மூச்சுக்காற்று என்பதில் ஐயமில்லை.

ஆனால் அதே நூலில் பீசரெவின் கொள்கைக்கு அடங்காத ஓர் அதிகாரமும் உள்ளது. இரண்டாம் பாகத்தில், கொலைக்கு மறுநாள், கொள்ளையடித்த நகைகளையும் பணப்பையையும் ரஸ்கோல்நிகோவ் ஒரு முற்றத்தில் பெரிய கல் ஒன்றின் அடியில் புதைத்துவிடுகிறான். பையில் எவ்வளவு இருக்கிறது என்றுகூடத் திறந்து பார்க்கவில்லை. அங்கிருந்து நேரே தன் நண்பன் ரசூமிகினின் அறைக்குச் செல்கிறான். ரசூமிகினும் இவனைப் போலவே ஏழை. பணமின்றிப் படிப்பை நிறுத்தியவன். மொழிபெயர்ப்பு செய்து வயிறு வளர்ப்பவன். நண்பனின் நிலையைக் கண்டு ஜெர்மன் நூல் ஒன்றின் சில தாள்களையும் மூன்று ரூபிள் முன்பணத்தையும் கொடுக்கிறான். ரஸ்கோல்நிகோவ் வாங்கிக்கொண்டு தெருவரை போகிறான். திரும்பி வந்து தாள்களையும் மூன்று ரூபிளையும் மேசைமேல் வைத்துவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் போகிறான். நோய் சட்டைப்பையில் மட்டும் இருந்திருந்தால், மருந்தைக் கையில் வாங்கியவன் ஏன் திருப்பிக் கொடுக்க வேண்டும்? ஒரே நகரில் ஒரே வறுமையில் வாழும் இருவருள் ஒருவன் கோடரியையும் மற்றவன் அகராதியையும் எடுப்பது எதனால்?

பீசரெவ் ரசூமிகினைக் காணாதவர் அல்லர். கொள்கை வலுவாக இருக்கும்போது எதிர்ச்சான்று சிறுத்துத் தெரிவது வாசகர் அனைவருக்கும் பொதுவான இடர். 1868இல் தம் 27ஆம் வயதில் ரீகா அருகே கடலில் மூழ்கி அவர் இறந்தார். இன்னும் இருபது ஆண்டுகள் வாழ்ந்து இந்நூலை மீண்டும் படித்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ என்று எண்ணாமல் இருக்க இயலவில்லை.

ஸ்த்ராகோவ் 1867இல் எழுதிய மதிப்புரை இவ்விருவரிடமிருந்தும் வேறுபட்டது. அக்காலப் புதினங்கள் பலவற்றில் மறுப்புவாத இளைஞன் நகைப்புக்குரியவனாகவோ கயவனாகவோ வந்துபோவான். இந்நூலில்தான் அவன் துன்புறும் மனிதனாக, இரக்கத்திற்குரியவனாக முதன்முறை காட்டப்பட்டிருக்கிறான் என்றார் ஸ்த்ராகோவ். எலிசேயெவ் அவதூறு கண்ட இடத்தில் அவர் பரிவு கண்டார். நம் கருத்தில், அவரே நூலுக்கு மிக அருகில் வந்தவர்.

அச்சுக்குப் போகும் முன்பே ஒரு வாசகர் இந்நூலின்மேல் கை வைத்த செய்தியையும் குறிப்பிடுதல் வேண்டும். நான்காம் பாகத்தில், வறுமையால் உடலை விற்க நேர்ந்த சோனியா, லாசரு உயிர்த்தெழுந்த விவிலியப் பகுதியை ரஸ்கோல்நிகோவுக்குப் படித்துக் காட்டுகிறாள். கத்கோவும் அவருடைய துணையாசிரியரும் அவ்வதிகாரத்தை ஏற்க மறுத்தனர். அத்தகைய பெண்ணின் வாயில் அத்தகைய வாசகமா என்பது அவர்களுடைய தயக்கம். 1866 கோடையில் தஸ்தயேவ்ஸ்கி மிகுந்த மனவருத்தத்தோடு அதைத் திருத்தி எழுதினார். முதலில் எழுதிய வடிவம் நமக்குக் கிடைக்கவில்லை. ஏறத்தாழ நூறாண்டுக்குப்பின் அமெரிக்காவில் விரிவுரையாற்றிய விளாதிமிர் நபோகவ், கொலைகாரனும் விலைமகளும் சேர்ந்து திருநூல் படிப்பதாக வரும் வாக்கியத்தைக் கடுமையாகப் பழித்தார். அவ்வாக்கியம் கத்கோவ் திருத்தச் சொன்ன அதே அதிகாரத்தில்தான் உள்ளது. அதன் பொறுப்பில் எவ்வளவு தஸ்தயேவ்ஸ்கியுடையது, எவ்வளவு இதழாசிரியருடையது என்று பிரித்துரைக்க எவராலும் முடியாது.

நூல் ரஷ்யாவைக் கடந்து சென்றபோது அரசியல் பின்தங்கிவிட்டது. வாசகரின் நரம்பு முன்னுக்கு வந்தது. 1884இல் விக்தோர் தெரெலியின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வெளிவந்தது. ஆங்கிலத்தில் ஃபிரெடெரிக் விஷாவின் மொழிபெயர்ப்பு ஓரிரு ஆண்டுகளில் தொடர்ந்தது. இராபர்ட் லூயி ஸ்டீவன்சன் பிரெஞ்சு வழியே இதைப் படித்தார். நண்பர் சைமண்ட்ஸுக்கு 1886இல் எழுதிய மடலில், பத்தாண்டுகளில் தாம் படித்தவற்றுள் மிகச் சிறந்த நூல் இதுவே என்கிறார். அடுத்து அவர் கூறுவதுதான் சுவையானது. ஹென்றி ஜேம்ஸால் இந்நூலைப் படித்து முடிக்க இயலவில்லையாம். தம்மையோ இந்நூல் ஏறக்குறைய முடித்தே விட்டது என்றும், அதைப் படித்தது ஒரு நோயில் விழுந்ததைப் போல இருந்தது என்றும் எழுதுகிறார். இருபது ஆண்டுகளுக்கு முன் ரஷ்ய வாசகருக்கு நேர்ந்ததாக ஸ்த்ராகோவ் சொன்னதும் இதுவே என்பதை நோக்குக. இருவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள்.

ஸ்டீவன்சன் அத்துடன் நின்றுவிடவில்லை. ஜேம்ஸுக்கு ஏன் பிடிக்கவில்லை என்றும் ஆராய்கிறார். ரஸ்கோல்நிகோவை வெளியே நின்று காணத்தக்க பாத்திரமாக அந்நூல் தரவில்லை என்பது ஜேம்ஸின் குறை. ஸ்டீவன்சனின் மறுமொழி இது: சிலர் நூலுக்கு வெளியே நின்று பொம்மலாட்டம் பார்ப்பதுபோலப் பார்க்க விரும்புகின்றனர், சிலருக்கோ நூல் ஒரு வீடு, அதற்குள் புகுந்து வதைபட்டுத் தூய்மை பெற்று வெளிவருகின்றனர். உலக இலக்கியத்தின் இரு பெரும் எழுத்தாளர்கள் ஒரே நூலைக் கையில் எடுத்தார்கள். ஒருவர் பாதியில் வைத்துவிட்டார், மற்றவர் நோயாளியைப் போல எழுந்தார். இருவருடைய ‘பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’ என்பவற்றிற்கும் காரணம் ஒன்றே: முன்பு நாம் கூறிய அந்த நீதிபதியின் இருக்கை அந்நூலில் இல்லை. கொலை செய்தவனின் அகநடுக்கத்தைக் காட்டும் ‘மார்க்ஹைம்’ என்னும் சிறுகதை ஸ்டீவன்சனின் கையிலிருந்து பிறந்ததும் இக்காலத்தில்தான். அக்கதையிலும் கடைக்காரர் ஒருவர் கொல்லப்படுகிறார். அதிலும் கதவு தட்டப்படுகிறது.

பின்னுரையைப் பற்றிய வழக்கு நீண்டது, சுருங்கச் சொல்வோம். சைபீரியச் சிறையில் ரஸ்கோல்நிகோவ் மனந்திரும்புவதாக அது காட்டுகிறது. மிகயீல் பக்தின் முதலாகப் பலர் அதை ஒட்டவைத்த முடிவாகக் கருதினர். ஐந்து பாகங்களாக ‘ஏன்’ என்று கேட்டுவிட்டு ஒரு சில பக்கங்களில் அமைதி தருவது போதாது என்னும் குறையில் நியாயம் உண்டு. ஆனால் மனந்திரும்பியதாகச் சொல்லப்படும் பக்கங்களுக்கு முன்னர் அதே பின்னுரையில், தன் கருத்து தவறு என்று அவன் ஒப்புக்கொள்ளவே மறுக்கும் பக்கங்களும் உள்ளன. பின்னுரை பிடிக்கவில்லை என்பவர்கள் அப்பக்கங்களை மறந்துவிடுகின்றனர்.

எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பால் இந்நூலைத் தமிழிலேயே முழுமையாகப் படிக்கும் வாய்ப்பு நமக்கு உள்ளது. வகுப்பில் இதன் ஒரு பகுதியைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று கூற விழைகிறோம். கதவுக் காட்சியைப் படித்து முடித்தவுடன், ‘ரஸ்கோல்நிகோவ் நல்லவனா தீயவனா’ என்னும் வினாவை உடனே கேட்க வேண்டாம். ‘வெளியே மணி ஒலித்தபோது நீ யார் பக்கம் இருந்தாய்’ என்று முதலில் கேளுங்கள். மாணவர் உண்மை சொல்லச் சற்றுத் தயங்குவர். அத்தயக்கத்தைப் பற்றியே அவர்கள் எழுதட்டும். எலிசேயெவும் பீசரெவும் அறிவிற் சிறந்தவர்கள். ஆனால் தம் நெஞ்சு அக்கதவருகே எப்படி அடித்துக்கொண்டது என்பதை இருவரும் எழுதவில்லை. அதை எழுதிய ஸ்டீவன்சனின் சில வரிகள் அவர்களுடைய நீண்ட கட்டுரைகளைவிட நூலின் இயல்பை நமக்கு நன்கு உணர்த்துகின்றன. ‘விறுவிறுப்பாக இருந்தது’ என்பதும் ஒரு தொடக்கமே. எந்த வரியில் விறுவிறுத்தது, அப்போது உள்ளம் எதை வேண்டியது என்று அடுத்த இரண்டு வினாக்களைக் கேட்டால் அது திறனாய்வாகிவிடும்.

தஸ்தயேவ்ஸ்கி தம் வாசகர்களை முன்னரே அறிந்திருந்தார் போலும். பின்னுரையின் தொடக்கத்தில், நீதிமன்றத்தில் அமர்ந்து ரஸ்கோல்நிகோவின் கதையைக் கேட்கும் நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் நம்மைப் போன்ற வாசகர்களே. எல்லாவற்றையும் அவன் ஒப்புக்கொள்கிறான், ஒளிவுமறைவு இல்லை. ஆனால் அவர்களால் நம்ப முடியாத செய்தி ஒன்று உள்ளது. இரண்டு உயிரைப் பறித்து எடுத்த பணப்பையை அவன் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை; எத்தனை நகைகள் எடுத்தான் என்பதும் நினைவில்லை. பொய் சொல்வதற்குக் காரணமே இல்லாத இடத்தில் ஏன் பொய் சொல்கிறான் என்று சிலர் குழம்புகின்றனர். உளவியல் அறிந்தவர் சிலர், அவன் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று ஏற்று, அப்படியானால் அது தற்காலிகப் பித்து என்று அந்நாளில் புதிதாகப் பரவியிருந்த கொள்கையின்படி முடிவு கட்டுகின்றனர். எட்டு ஆண்டுக் கடுந்தண்டனை விதிக்கப்படுகிறது. கல்லை அகற்றி எடுத்த பையில் 317 ரூபிளும் 60 கோபெக்கும் இருந்தன. நெடுநாள் மண்ணுக்கடியில் கிடந்ததால், மேலே இருந்த பெரிய மதிப்புள்ள தாள்கள் சில ஈரத்தில் கெட்டுப்போயிருந்தன.